மைவி வளைவில் சாய்கிறதா? பணத்தை எதில் போடுவது

பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கம் இரண்டாம் தலைமுறை பெரோடுவா மைவி கார் வைத்திருக்கும் ஒருவர் கையில் 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி வளைவில் சாய்கிறது, பெரிய சாலையில் லோரி கடந்து போனால் ஆடுகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும். கடைக்குக் கடை ஒவ்வொரு வழி சொல்வார்கள். ஒருவர் டயரையும் ரிம்மையும் மாற்றச் சொல்வார். இன்னொருவர் தாழ்வான ஸ்பிரிங் போடச் சொல்வார். உயரத்தைத் திருகி மாற்றும் ஸ்பிரிங்-அப்சார்பர் கிட்டான ஹை-லோ போட்டால் எல்லாம் முடிந்தது என்பார் மூன்றாமவர். வண்டியை இறுக்கிப் பிடிக்கும் தண்டான பாரை விற்பவர் பார்தான் மருந்து என்பார். தேய்ந்ததை எல்லாம் கழற்றிப் புதிதாகப் போட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம் என்று சொல்பவர் குறைவு, ஏனென்றால் அதைப் படம் எடுத்துக் காட்ட முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டப்புறத்தில் ஓடும் மைவிக்கு முதல் செலவு புஷ்ஷும் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறை) அப்சார்பரும் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது), இரண்டாவது டயர், மூன்றாவது பின்னால் ஒரு பார். ஸ்பிரிங்கை இறக்குவது அதற்கும் பிறகு, மனம் இருந்தால். ஹை-லோ இந்த ஊர்ச் சாலைக்குத் தேவையில்லை. ஏன் என்றுதான் கீழே.

நம் சாலைகள் ஒரே மாதிரி இல்லை. காலையில் லயத்து வீட்டிலிருந்து செம்மண் பாதையில் கிளம்பி, செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் உடைத்து வைத்த தாரில் ஏறி, அப்புறம்தான் ஒன்றாம் எண் கூட்டரசு சாலைக்கு வருகிறோம். லாசா, லிந்தாங் பக்கம் போனால் மழைக்குப் பிறகு எது குழி, எது வெறும் தண்ணீர் என்றே தெரியாது. வடக்கே போய் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினால் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலை வளைவுகள், ஊர்ந்து போகும் கனரக லோரிகள். கேமரன் மலைக்கு என்றால் சிம்பாங் பூலாய் வழி அகலமான நீண்ட வளைவுகள். தாப்பாவிலிருந்து ஏறும் 59ஆம் எண் சாலை குறுகல், ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது. இத்தனையையும் ஒரே வண்டி செய்ய வேண்டும், அதுவும் பின் இருக்கையில் மூன்று பேரும் பூட்டில் அரிசி மூட்டையுமாக.

மைவி சாய்வதற்குக் காரணம் ஒளிவுமறைவு இல்லாதது. 2011இல் வந்த மைவியின் அகலம் 1,665 மில்லிமீட்டர், உயரம் 1,545 மில்லிமீட்டர். அகலத்துக்கு ஏறக்குறைய நிகரான உயரம். உட்கார எழ வசதி, தலைக்கு மேல் இடம், அதற்கு விலை இந்தச் சாய்வு. முன்னால் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்னால் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டான டார்ஷன் பீம். இரண்டுமே எளிய, மலிவான, எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்டக்கூடிய அமைப்புகள்.

சாய்வையும் பிடிமானத்தையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு எடை நகர்கிறது. எவ்வளவு நகரும் என்பது வண்டியின் எடை, எடை மையத்தின் உயரம், இரண்டு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம், எவ்வளவு வேகமாக வளைகிறோம் என்பவற்றைப் பொறுத்தது. ஆட்களோடு சேர்த்து 1,100 கிலோ, எடை மையம் 55 சென்டிமீட்டர் உயரம், சக்கர அகலம் 145 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, புவியீர்ப்பில் பாதி அளவு பக்கவாட்டு விசையில் வளைந்தால் ஏறக்குறைய 208 கிலோ வெளிப்பக்கம் போகும். வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கினால் அது 197 ஆகும். வித்தியாசம் 11 கிலோ, ஒரு மூட்டை அரிசி அளவு. ஸ்பிரிங்கை எவ்வளவு விறைப்பாக்கினாலும், எத்தனை பார் மாட்டினாலும் இந்தக் கணக்கு அசையாது. அவை செய்வது சாய்வைக் குறைப்பதும், நகரும் எடையில் எவ்வளவு முன் சக்கரங்களுக்கு, எவ்வளவு பின் சக்கரங்களுக்கு என்று பங்கிடுவதும்தான். சாலையைப் பிடிப்பது டயர்.

இப்போது தேய்மானம். பத்து வருடம் கடந்த மைவியில் 'ஹேண்ட்லிங் மோசம்' என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். முன் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்மின் பின்பக்க புஷ் கிழிந்திருந்தால் பிரேக் போடும்போது சக்கரம் பின்னுக்கு இழுபட்டு, வண்டி ஒரு பக்கம் மூக்கைத் திருப்பும். சாய்வைக் குறைக்கும் பாரை இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க் தளர்ந்திருந்தால் சிறு மேடுகளில் 'டக் டக்' என்று சத்தம். அப்சார்பர் மேல் மவுண்டிங் போய்விட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முறுக்கி விட்டதுபோல் கிறீச்சிட்டுத் திரும்பும். பின் பீமின் புஷ் தளர்ந்தால் எந்தச் சத்தமும் வராது, வளைவில் வண்டியின் பின்பகுதி அரை நொடி தாமதமாக வந்து சேர்வதுபோல் இருக்கும், அவ்வளவுதான். அதைப் பலர் மைவியின் இயல்பு என்றே பழகிக்கொண்டார்கள்.

அப்சார்பர் ஒரே நாளில் சாவதில்லை. எண்ணெய் கசிந்து, அதில் செம்மண் ஒட்டி, தண்டு ஈரமாகத் தெரிந்தால் அது முடிந்தது. கசியாமலே வலு இழந்ததும் உண்டு. டயர் மேல் கையை ஓட்டிப் பாருங்கள், மேடும் பள்ளமுமாக அலைபோல் தேய்ந்திருந்தால் அப்சார்பர் சக்கரத்தைத் தரையில் வைத்திருக்கவில்லை என்று பொருள். பானட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. முழுக்கச் செத்ததை மட்டும்தான் அது காட்டும்.

மாற்றும்போது ஒரு விஷயம். லோவர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கில் தொங்கும் நிலையில் இறுதியாக முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து வண்டியின் எடை இறங்கிய பிறகே கடைசி முறுக்கு. தொங்கும்போது முறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். "புது புஷ் எல்லாம் இப்போது தரமில்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்தக் கதைதான். பட்டறை மெக்கானிக்கான பொமனிடம் தயங்காமல் கேளுங்கள். நல்ல பொமன் கோபப்பட மாட்டார்.

எந்த அப்சார்பர்? அசல் கடினத்திலேயே கயாபா போன்ற பெயர்பெற்ற தயாரிப்பு போதும். நான்கும் புதிது, புஷ்கள் புதிது, லிங்க் புதிது, அலைன்மென்ட் (சக்கரக் கோணங்கள்) சரி என்றால் அந்த மைவியை ஓட்டிப் பார்ப்பவர் ஏதோ ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஹாஃப்-கட் கடையில் ஜப்பான் சாமான் என்று கிடைக்கும் பழைய அப்சார்பர் எனக்கு உடன்பாடில்லை. கதவு, சீட், கியர்பாக்ஸ் வாங்குங்கள், சரி. அப்சார்பரும் புஷ்ஷும் தேய்ந்து தீர்வதற்கென்றே உள்ள சாமான்கள். இன்னொருவர் தேய்த்ததை ஏன் வாங்க வேண்டும்?

அடுத்தது டயர்.

"மாமா, பாடிஷிஃப்ட் போட்டா வளைவுல வண்டி நிக்குமா?"

"முதல்ல உன் டயரு எந்த வருசம்னு பாத்துட்டு வா தம்பி."

தங்கை மகனோடு நடந்த பேச்சு இது. பாடிஷிஃப்ட் என்பது ஹை-லோவில் ஒரு வகை, அதைப் பிறகு சொல்கிறேன். அவன் போய்ப் பார்த்த டயரின் பக்கவாட்டில் டாட் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் பட்டன் தேயாமல் இருந்தது, ரப்பரில் உயிர் இல்லை. ரப்பர் இறுகிப்போன டயரில் எவ்வளவு விலை உயர்ந்த ஹை-லோ போட்டாலும் மழையில் வழுக்கும்.

அளவு விஷயத்தில் கொஞ்சம் கணக்கு உதவும். 1.3 மைவிக்கு வரும் 175/65 ஆர்14 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 583 மில்லிமீட்டர். 1.5க்கு வரும் 185/55 ஆர்15 ஏறக்குறைய 584. இரண்டும் நடைமுறையில் ஒன்றே, ஆகவே 1.3 வைத்திருப்பவர் 15 அங்குல ரிம்முக்கு மாறினால் மீட்டரும் கியரும் குழம்பாது. டயரின் பக்கச் சுவர் 114 மில்லிமீட்டரிலிருந்து 102க்கு இறங்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி கேட்கிறது என்ற உணர்வு அந்தக் குட்டைச் சுவரிலிருந்து வருகிறது. 195/50 ஆர்15 போட்டால் விட்டம் 576 ஆகும், மீட்டர் உண்மை வேகத்தைவிட ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூட்டிக் காட்டும், பெரிய பாதகம் இல்லை. 16 அங்குலத்தில் 195/45 என்றால் சுவர் 88 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். ஈப்போ நகருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்குச் சரி. குலை லோரி ஓடும் பாதையில் மழைநீர் மூடிய குழியில் விழுந்தால் டயரின் பக்கம் வீங்கும், ரிம் நெளியும். என் ஓட்டு 185/55 ஆர்15க்கு. ரிம் வாங்கப் பணம் இல்லையா, 14 அங்குலத்திலேயே நல்ல டயராக வாங்குங்கள். மலிவு 15 அங்குல டயரைவிட நல்ல 14 அங்குல டயர் ஈரத்தில் எவ்வளவோ மேல்.

காற்றழுத்தம் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கிறது. ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போகும்போது பின் டயரைப் பார்க்காமல் கிளம்பிவிட்டு, 'பின்பக்கம் அலையுது' என்பது நியாயமில்லை.

இனி ஸ்பிரிங். கடையில் 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் வாங்கி அசல் அப்சார்பரில் போடுவது நம் ஊரில் மிகப் பிடித்த வேலை. தோற்றம் மாறும், சாய்வு குறையும், மனம் நிறையும். ஆனால் மக்ஃபெர்சன் அமைப்பில் ஒரு சிக்கல் உள்ளது. வண்டி இறங்கும்போது லோவர் ஆர்ம் வெளிமுனை மேலேறிச் சாய்ந்து நிற்கும். அப்போது ரோல் சென்டர் எனப்படும் சாய்வுப் புள்ளி, வண்டி இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். எடை மையத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே தூரம் கூடும், சாய்க்கும் நெம்பு நீளும். அதிகம் இறக்கிய மைவி, ஸ்பிரிங் அதற்கேற்ப விறைப்பாக இல்லாவிட்டால், உயரமான மைவியைவிடக் கூடுதலாகச் சாய முயலும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். ஆகவே 25, 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதோடு அப்சார்பரின் ஓட்டம் குறைகிறது. பள்ளிக்கூடம் முன்னால் இருக்கும் பம்ப்பில் (வேகத்தடையில்) பின்னால் மூன்று பேரோடு ஏறினால் அப்சார்பரின் கடைசித் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் இடித்து நிற்கும். இடித்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரிதான். வளைவில் அது நேர்ந்தால் பின்பக்கம் திடுக்கென விலகும். வலு இழந்த பழைய அப்சார்பரோடு புது விறைப்பு ஸ்பிரிங் சேர்ந்தால் வண்டி குதிக்கும். ஸ்பிரிங் போடுகிறவர் அப்சார்பரையும் புதிதாக்கிவிட்டுப் போடட்டும். ஸ்பிரிங்கை வெட்டுவது, நெருப்பில் காட்டி இறக்குவது ஆகியவற்றை ஒப்பிடவே தேவையில்லை. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இருக்கையிலிருந்து நழுவும். சூடு காட்டியது பதம் இழந்துவிடும்.

ஹை-லோவுக்கு வருவோம். அதில் மலிவு ரகம் ஸ்பிரிங் இருக்கையை மேலே கீழே திருகி உயரத்தை மாற்றும், அப்போது ஸ்பிரிங்கின் முன்னழுத்தமும் ஓட்டமும் மாறிவிடும். பாடிஷிஃப்ட் என்கிறது அடிப்பகுதியே திருகிக் குட்டையாகும் வகை, உயரம் மாறினாலும் அப்சார்பர் ஓட்டம் அப்படியே இருக்கும். வாங்குவதென்றால் பாடிஷிஃப்ட்தான். மேலே இருக்கும் சாஃப்ட்-ஹார்ட் திருகு ஸ்பிரிங்கை விறைப்பாக்காது, அப்சார்பரின் எதிர்ப்பை மட்டும் கூட்டும். ஹார்டில் வைத்து லாசா சாலையில் போனால் சக்கரம் குழிக்குள் இறங்கி நிலம் தொடுவதற்குள் அடுத்த குழி வந்துவிடும், டயர் பாதி நேரம் காற்றில். அப்படி ஓட்டுபவர் 'கெட்டியா இருக்கு, சூப்பர்' என்று சொல்வார். கெட்டியாக இருப்பதும் சாலையைப் பிடிப்பதும் வேறு.

பல கிட்களில் ஸ்பிரிங் பந்தயத் திடலின் வழவழப்பான தாருக்கென்று விறைப்பாக வருகிறது. சிப்பாங் பந்தயத் திடலில் 'டிராக் டே' ஓட்டத்துக்குப் போகிறவர், எடையும் அலைன்மென்டும் தானே பார்த்துச் சரிசெய்பவர், வீட்டில் இன்னொரு வண்டி வைத்திருப்பவர், இவர்களுக்கு ஹை-லோ பொருத்தம். நம் பக்கம் செம்மண் சேறு திருகு இழைகளில் ஏறிக் காய்ந்துவிடும். வருடத்தில் ஒருமுறையாவது கழற்றிக் கழுவி கிரீஸ் பூசாவிட்டால், உயரத்தை மாற்ற நினைக்கும் நாளில் வளையம் அசையாது. அப்புறம் ஹை-லோவில் ஹையும் இல்லை, லோவும் இல்லை. பெயருள்ள கிட்டும் கூலியும் அலைன்மென்டும் சேர்ந்தால் அந்த 1,500 வெள்ளியை முழுக்க விழுங்கிவிடும், புஷ் பழசாகவே கிடக்கும். கட்டில் கால் ஆடும்போது மெத்தையை மாற்றுவது போன்ற செலவு அது.

பார் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சாய்வு உண்டு, சொல்லிவிடுகிறேன். மலேசியத் தயாரிப்பான அல்ட்ரா ரேசிங் போன்றவர்கள் மைவிக்கு முன் ஸ்ட்ரட் பார், கீழ் பார், பின் ஸ்டெபிலைசர் பார் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். முன் ஸ்ட்ரட் பார் பானட்டைத் திறந்தால் அழகு. ஸ்டியரிங் பதிலில் சிறு கூர்மை வரும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். பின் பார்தான் உண்மையில் வண்டியின் குணத்தை மாற்றுவது. டார்ஷன் பீமோடு சேர்த்து இறுக்கும்போது பின்பக்கத்தின் சாய்வு எதிர்ப்பு கூடுகிறது, நகரும் எடையில் பின் வெளிச் சக்கரம் அதிகப் பங்கை ஏற்கிறது, முன் சக்கரங்களுக்கு மூச்சு கிடைக்கிறது. மைவி எப்போதும் வளைவில் முன்பக்கம் அகலமாக ஓடும் வண்டி, அந்தப் பழக்கம் குறையும். உயரம் மாறாது, பம்ப்பில் இடிக்காது, வேண்டாமென்றால் போல்ட்டைக் கழற்றிவிடலாம்.

ஆனால் ஈரத்தில் கவனம். பின் பார் போட்ட வண்டியில் வளைவின் நடுவே பயந்துபோய் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் வெளியே வரத் துடிக்கும். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியில் எல்லா ரகத்திலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பான விஎஸ்சி உண்டு, அது ஓரளவு பிடித்துக் கொடுக்கும். பழைய மைவியில் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. பின் டயர் தேய்ந்த வண்டிக்குப் பின் பார் போடவே கூடாது. நல்ல டயர் இரண்டே இருந்தாலும் அவை பின்னால் இருக்கட்டும்.

ரப்பருக்குப் பதிலாகப் போடும் பாலியூரிதேன் புஷ் பற்றிக் கேட்பவர்களுக்கு: நீடிக்கும், கூர்மை தரும், கிரீஸ் வறண்டால் கத்தும், சாலையின் ஒவ்வொரு கல்லையும் இருக்கைக்கு அனுப்பும். அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் வண்டியில் வேண்டாம்.

இவ்வளவு செலவு எதற்கு, மைவியை விற்றுவிட்டு ஓர் சத்ரியா நியோ வாங்கலாமே என்பவர்களும் உண்டு. 2006இல் வந்த அந்த புரோட்டோன், பின்னால் மல்ட்டி-லிங்க் அமைப்போடு, அசலாகவே எந்த மைவியையும்விட நன்றாக வளையும். நானும் ரசிகன். ஆனால் மைவிக்குச் சாமான் எந்தச் சிற்றூர்க் கடையிலும் உடனே கிடைக்கும், அதற்காகவே தோட்டப்புறத்தில் இத்தனை மைவிகள். நியோ மனசுக்குப் பிடித்தவருக்கான வண்டி, காலையில் வேலைக்கு நேரத்தில் போக வேண்டியவருக்கு அல்ல.

சட்டப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கண்டுகொள்ளாமல் விடாது. சாலைத் தடுப்பில் தரையை உரசும் வண்டியைத்தான் முதலில் ஓரம் கட்டச் சொல்வார்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையிலும் கேள்வி எழும், காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தலைவலி ஆகலாம். அசல் அளவிலான புது அப்சார்பர், புது புஷ், உற்பத்தியாளர் அதே மைவிக்குத் தந்த 15 அங்குல அளவு, இவற்றில் அந்தத் தொல்லை இல்லை.

ஆக, அந்த 1,500 வெள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன். முதலில் வண்டியைத் தூக்கிப் பார்த்து, கிழிந்த புஷ், தளர்ந்த லிங்க், பால் ஜாயின்ட், மவுண்டிங் எல்லாவற்றையும் அப்சார்பரோடு ஒரே கூலியில் முடிப்பேன், ஏனென்றால் எல்லாவற்றுக்கும் கழற்றும் வேலை ஒன்றே. மிச்சத்தில் டயர். நான்குக்கும் பணம் போதாவிட்டால் இப்போது இரண்டு வாங்கிப் பின்னால் போட்டு, மற்ற இரண்டு அடுத்த சம்பளத்தில். டயர் புதிதாகவே இருக்கும் வண்டி என்றால் அந்தப் பணத்தில் பின் பார். முன் ஸ்ட்ரட்டைக் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும் அலைன்மென்ட் கட்டாயம். மைவியில் கடைக்காரர் திருத்தக்கூடியது முன் டோ (முன் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) மட்டும். கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் கோணம்) திருத்த வேண்டுமென்றால் கேம்பர் போல்ட் தனியாகப் போட வேண்டும், பின் சக்கரக் கோணங்கள் பீம் வளையாதவரை அப்படியே இருக்கும். எண்கள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, ஓரிரு வாரம் ஓட்டியபின் மறுபடி ஒருமுறை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். புது புஷ் அமர்ந்த பிறகு டோ கொஞ்சம் நகர்ந்திருக்கலாம்.